பாலேஸ் மிஸ்ஸின் பொட்டுச் சட்டம்

தலைவர்கள் பிறக்கிறார்களா, உருவாக்கப்படுகிறார்களா என்று நிர்வாகவியல் புத்தகங்கள் வாதிடுவதுண்டு. யுத்த காலத்துக் கொழும்பில் மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது: மேலே இருந்தவர் கனடாவுக்குப் போய்விடுவார்.

பாலேஸ்வரி அப்படித்தான் தலைவரானார். ஒருகொடவத்தையில், கொள்கலன் முற்றங்களுக்கு நடுவே, கப்பற் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் கம்பனி ஒன்று. அதன் ஆவணப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த பொன்னம்பலம் ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று லீவு எடுத்தார். அடுத்த கிழமை ரொறன்ரோவிலிருந்து ஃபோன் பண்ணி, காய்ச்சல் சுகம் என்றார். காலியான நாற்காலிக்கு மிகப் பக்கத்தில் இருந்தவர் பாலேஸ்வரி. கம்பனி அதையே தகுதியாக எடுத்துக்கொண்டது.

அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. ஊர் கோண்டாவில். கணவர் சிவபாதசுந்தரம் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர். அவர் போரில் சாகவில்லை, போர்க்காலத்தில் செத்தார்; தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து நடந்தபோது அவருடைய சீனி வருத்தத்துக்கான மருந்து பின்னால் தங்கிவிட்டது. அதன் பிறகு பாலேஸ்வரி கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கணவரின் தமக்கை அருந்ததியோடு ஒரு மாடிவீட்டில் இருந்தார். வெறும் நெற்றி, வெளிர்நிறச் சேலை, கையில் ஒரு மணிக்கூடு. இரைந்து பேசியதை ஒருவரும் கேட்டதில்லை. அவருடைய பிரிவில் பிழை குறைவு, சிரிப்பும் குறைவு.

ஆனால் கம்பனிக்குள் அவர் பெயர் எடுத்தது ஆவணங்களால் அல்ல, ஆட்களை வீட்டுக்கு ஏற்றிப் போகும் வானால்.

2008ஆம் ஆண்டு அது. மாலையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ஸ்ராஃப் வான் புறப்படும். கொட்டாஞ்சேனைக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு செக்பொயின்ற். மற்ற வான்களை அங்கே மறித்து, ஆட்களை இறக்கி, பைகளைக் கிண்டி, மணித்தியாலக் கணக்கில் வைத்திருப்பார்கள். ஆவணப் பிரிவின் வான் மட்டும் ஒரு தலையாட்டலோடு போய்விடும். அதில் போகிற பெண்கள் அத்தனை பேரும் தமிழர்கள் என்பதுதான் அதிசயம்.

அதிசயத்துக்குப் பின்னால் சட்டம் இருந்தது. செக்பொயின்றில் சிங்களச் சாரதி காமினி மட்டும் பேசுவார்; அவரால் ஆகாவிட்டால் பாலேஸ் மிஸ். மற்றவர்கள் எது கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது. முக்கியமானது, வான் கம்பனி வாசலைத் தாண்டுவதற்கு முன் எல்லாரும் பொட்டைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டுப்பொட்டுத்தானே. முன்னால் இருக்கும் இருக்கையின் முதுகில், கறுப்பு றெக்சினில், ஒவ்வொருத்தியும் தன்னுடையதை ஒட்டி வைப்பாள். இறங்கும்போது எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

"எனக்குக் கழட்ட ஒண்டுமில்லை மிஸ், வாயைத் தவிர" என்பாள் டோரின். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். பொட்டு வைக்கும் வழக்கமில்லை.

"அதைத்தான் முதல்லை கழட்டு" என்பார் பாலேஸ்வரி. அந்த வானில் அனுமதிக்கப்பட்ட பகிடி அது ஒன்றுதான்.

இந்தச் சட்டத்தில் ஒரு வசதி இருந்தது. அதைப் போட்டவருக்குக் கழற்ற எதுவும் இருக்கவில்லை. சிவபாதசுந்தரம் போன நாளோடு அந்த வேலை முடிந்துவிட்டது. வெள்ளவத்தைக் கௌரி, புதிதாகக் கலியாணம் செய்தவள், ஒருநாள் றெக்சினில் பொட்டை அழுத்தியபடி, "மிஸ்ஸுக்கென்ன..." என்று தொடங்கிவிட்டு, மிச்சத்தை விழுங்கினாள். பாலேஸ்வரி திரும்பவில்லை. கேட்காதது போல் இருப்பதும் ஒரு நிர்வாகத் திறமை.

சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்திருந்த புது ஜெனரல் மனேஜருக்கு இந்த வானின் கதை எட்டியது. அவர் மகிழ்ந்துபோய், பாலேஸ்வரியையும் வேறு பிரிவுத் தலைவர்களையும் காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்குத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினார். பயிற்றுநர் கழுத்துப்பட்டி கட்டிய உற்சாகமான மனிதர். தலைவர் முன்னே செல்ல வேண்டும் என்றார். தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றார். பின்னேரம் ஆளுக்கொரு பலூன் கொடுத்து, "உங்கள் மிகப் பெரிய பயத்தை இதில் எழுதுங்கள், ஊதுங்கள், எல்லாரும் ஒன்றாக உடையுங்கள்" என்றார். ஒரு மண்டபம் நிறையப் பலூன்கள் ஒரே நேரத்தில் வெடித்தால் அந்த வருடத்துக் கொழும்பில் என்ன நடக்கும் என்று அவர் யோசித்திருக்கவில்லை. ஹோட்டல் காவலர்கள் துப்பாக்கியோடு ஓடிவந்தார்கள். எல்லாரும் மேசைகளுக்கு அடியில் போனார்கள். முன்னே சென்றவர் பயிற்றுநர்தான்.

பாலேஸ்வரியின் பலூன் உடையவில்லை. அதில் அவர் எதுவும் எழுதவும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எழுதினால் ஆராவது எடுத்துப் பாப்பினம்" என்றார்.

எப்படியானாலும் அவர் பெயர் மேலே போய்க்கொண்டிருந்தது. எல்லா வான்களுக்கும் அவரையே பொறுப்பாக்கும் பேச்சு அடிபட்டது. சட்டத்தை மற்றப் பிரிவுகளுக்கும் எழுதித் தரும்படி ஜெனரல் மனேஜர் கேட்டிருந்தார்.

வானுக்குள் அவர் சகித்துக்கொண்ட ஒழுங்கீனம் ஒன்றே ஒன்று. அன்னபாக்கியம் என்ற பெண் தாயைப் பார்க்க, சண்டை முனைக்குப் பக்கத்து வவுனியாவுக்குப் போயிருந்தாள். நல்ல வேலைக்காரி, மினுக்கத்தில் ஆசை உள்ளவள். போனவள் திரும்பவில்லை, ஃபோனும் வேலை செய்யவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டுப் போன, நடுவில் வெள்ளைக்கல் வைத்த சிவப்புப் பொட்டு அவளுடைய இருக்கைக்கு முன்னால் அப்படியே இருந்தது. அதை எடுக்க ஒருத்திக்கும் கை வரவில்லை. எடுத்தால் அவள் இனி வரமாட்டாள் என்று ஆகிவிடுமே. அந்த இடத்தில் இப்போது உட்கார்ந்தவள் இராமலெட்சுமி.

இராமலெட்சுமிக்கு இருபத்திரண்டு வயது. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு அறையில் வாடகைக்கு இருந்தாள். பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் சட்டத்தை மிகச் சரியாகக் கடைப்பிடித்தவளும் அவளே. வானில் ஏறியதிலிருந்து தும்மலைக்கூட அடக்கிக்கொள்வாள்.

அன்று காலை நகரத்துக்கு வெளியே ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. மாலையில் செக்பொயின்றில் வழமையான முகங்கள் இல்லை. காமினி கண்ணாடியை இறக்கி, "மல்லி, கம்பெனி ஸ்ராஃப்" என்று, சிங்களத்தில் தம்பி முறை சொல்லி, தன் வழமையான வசனத்தைத் தொடங்கினார். சிப்பாய் அவரைப் பார்க்கவே இல்லை. பக்கக் கதவை இழுத்துத் திறந்து ரோச் லைற் அடித்தான். முகங்களில் அடித்தான், மடிகளில் அடித்தான், பிறகு இருக்கைகளின் முதுகுகளில் அடித்தான். வெளிச்சம் அங்கேயே நின்றது.

கறுப்பு றெக்சினில் வட்டங்கள். மெரூன், சிவப்பு, கடுகளவில் கறுப்பு. ஒன்றில் கல் மினுங்கியது.

"மே மொனவத?" என்றான். இவை என்ன?

ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் கூடவே இன்னொன்றையும் சொன்னதாகும்: நாங்கள் தமிழர், உங்களிடம் அதை மறைத்தோம். பாலேஸ்வரி கணக்குப் போட்டார். காமினி சொன்னால் எப்படி, தான் சொன்னால் எப்படி, சொல்லாமல் விட்டால் எப்படி. கப்பல் ஆவணங்களில் அவர் கணக்கு பிழைத்ததில்லை. இங்கே கணக்கு முடிவதற்குள் சிப்பாய் இராமலெட்சுமியிடம் போய்விட்டான். அவளுக்கு முன்னால்தான் இரண்டு வட்டங்கள் இருந்தன.

"இது உன்னுடையதா? என்ன அடையாளம் இது? யாருக்கு?"

இராமலெட்சுமி பேசவில்லை. அவளுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். சட்டமும் தெரியும். பாலேஸ்வரியின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிப்பாய் ரோச்சை அவள் நெற்றிக்கு உயர்த்தினான். பெரிய பொட்டு வைக்கிறவள். கழற்றிய இடம் வட்டமாக வெளிறிக் கிடந்தது. முழங்கையிலும் முழங்காலிலும் கழுத்திலும் போராளிப் பயிற்சியின் தழும்பு பார்க்கும்படி அவனுக்குப் பழக்கியிருந்தார்கள். நெற்றித் தழும்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததால் அது இன்னும் பெரிய சந்தேகம்.

"பஹின்ன." இறங்கு.

அவள் இறங்கினாள். தெருவோரம் ஒரு ஜீப் பின்கதவு திறந்தபடி நின்றது. அந்த நாட்களில் ஜீப்பில் ஏறியவர்களைப் பற்றி, விசாரணை முடிய வருவார்கள் என்று சொல்வார்கள். வந்தவர்களும் உண்டு.

"மிஸ்" என்றாள் டோரின், அடித்தொண்டையில். "மிஸ், என்னெண்டாலும் சொல்லுங்கோ மிஸ். பிள்ளையை ஏத்தப் போறாங்கள்."

"சத்தம் போடாதை டோரின்" என்றாள் கௌரி. "எல்லாரையும் இறக்குவாங்கள்."

"இறக்கட்டும்! அவள் ஏன் பேசாமல் நிக்கிறாள் தெரியுமா? மிஸ் பேச வேண்டாமெண்டதுக்கு நிக்கிறாள்!"

மிக நல்ல கீழ்ப்படிவு வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் குற்ற ஒப்புதல் மாதிரியே இருக்கும். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. பாலேஸ்வரி கைப்பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார்.

சார்ஜன்ட் ஒருவர் தேநீர்க் கோப்பையோடு வந்தார். நடுத்தர வயது, அவசரமில்லாத மனிதர். அவசரமில்லாதவர்களைத்தான் அந்தக் காலத்தில் கூடுதலாகப் பயப்பட வேண்டியிருந்தது.

"யார் இங்கே பொறுப்பு?"

"நான்" என்றார் பாலேஸ்வரி சிங்களத்தில். "அவை பொட்டு. நெற்றியில் வைப்பது. கழற்றச் சொன்னது நான். பேச வேண்டாம் என்று சொன்னதும் நான். அந்தப் பிள்ளை நான் சொன்னதைத்தான் செய்தாள்."

"ஏன் கழற்றச் சொன்னாய்?"

"மறிக்காமல் விடுவீர்கள் என்று."

சார்ஜன்ட் ஒரு மிடறு குடித்தார். "அப்படியென்றால், பொட்டு வைத்தவர்களை நாங்கள் மறிக்கிறோம் என்கிறாய்."

ஆம் என்றாலும் பிழை, இல்லை என்றாலும் பிழை. பாலேஸ்வரி மூன்றாவது ஒன்றைத் தேடினார். பலூனில் எழுதாமல் விட்டது அங்கே வாயில் வந்தது.

"பயம், மஹத்தயா" என்றார், ஐயா என்ற மரியாதையோடு.

"குற்றம் செய்யாதவளுக்கு என்ன பயம்?"

கொழும்புத் தமிழர்களிடம் பல வருடங்களாகக் கேட்கப்பட்ட கேள்வி அது. விடை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், சொன்னவர்கள் இல்லை.

சார்ஜன்ட் வானுக்குள் எட்டிப் பார்த்தார். "பொட்டென்றால் அவரவருடையது அவரவருக்குத் தெரியும்தானே? எடுத்து வையுங்கள். பார்ப்போம்."

கைகள் றெக்சினுக்குப் போயின. ஒருத்தியும் தடுமாறவில்லை. கௌரி தன் கடுகுப் பொட்டை இருட்டிலேயே எடுத்தாள். இராமலெட்சுமியின் பெரிய சிவப்பை டோரின் கழற்றி வெளியே நீட்ட, அவள் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே நெற்றியில் வைத்தாள். வெளிறிய வட்டத்தில் பொட்டு பிசகாமல் பொருந்தியது. சிப்பாய் லேசாக ஏமாந்துபோனான்.

றெக்சினில் ஒன்று மிஞ்சியது.

சார்ஜன்ட் கோப்பையைச் சிப்பாயிடம் கொடுத்துவிட்டு, அதை நகத்தால் கிள்ளி எடுத்து விரல் நுனியில் வைத்தார். கல் வெளிச்சத்தில் மினுங்கியது.

"இது யாருடையது? இந்த வானில் இருந்து இறங்கியது யார்?"

வவுனியாவுக்குப் போனவள், திரும்பாதவள், ஃபோன் வேலை செய்யாதவள். இந்த மூன்றையும் ஒரு சிங்கள வாக்கியத்தில் வைத்தால் அது எப்படி ஒலிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதன்பின் அன்னபாக்கியத்தைத் தேடுவார்கள். கிடைக்காவிட்டால், அவள் இருந்த இடத்தில் இருந்தவள் கையில் இருக்கிறாள். சார்ஜன்ட்டின் பார்வை மெல்ல இராமலெட்சுமி பக்கம் திரும்பியது.

"என்னுடையது" என்றார் பாலேஸ்வரி.

"உன்னுடையதா?" அவர் வெளிர்நிறச் சேலையை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியென்றால் வை."

பன்னிரண்டு பதின்மூன்று வருடங்களாக அந்த விரல் அந்த வேலையைச் செய்யவில்லை. ஆனாலும் இடத்தை மறந்திருக்கவில்லை. நேராகப் போய் நடுவில் நின்றது. வானுக்குள் கௌரி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் சைவக் குடும்பத்துப் பெண்; துப்பாக்கியை விட இதைப் பார்ப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

பிரச்சினை வேறெங்கோ இருந்தது. மாதக்கணக்கில் றெக்சினில் காய்ந்த பொட்டில் பசை இல்லை. கையை எடுத்ததும் அது மெல்ல நழுவுவதைப் பாலேஸ்வரி உணர்ந்தார். விழுந்தால் பொய்யும் கூடவே விழும். வியர்வை ஒன்றுதான் துணை. முகத்தை வானத்தைப் பார்க்க நிமிர்த்தினார். நாடி உயர, கண்கள் சார்ஜன்ட்டின் தொப்பிக்கு மேலால் எங்கோ பார்க்க, அசையாமல் நின்றார். பயிற்றுநர் பார்த்திருந்தால் படம் பிடித்துப் பாடமாக வைத்திருப்பார்.

"ஆங்காரக்காரிதான்" என்றார் சார்ஜன்ட், சிப்பாயிடம். அதில் கோபம் பாதி, மரியாதை பாதி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் கொள்கலன் லொறி ஒன்று ஊர்ந்து கடந்தது, அதன் காற்றில் பொட்டு ஆடியது, விழவில்லை.

"ஏறு" என்றார் இராமலெட்சுமியிடம். பிறகு பாலேஸ்வரியிடம், "நாளையிலிருந்து எல்லாரும் ஒட்டிக்கொண்டே வாருங்கள். நீயும்தான். நான் இங்கேதான் இருப்பேன், பார்ப்பேன்."

வான் புறப்பட்டது. இராமலெட்சுமி அழவில்லை, பல் அடித்துக்கொண்டிருந்தது. கொட்டாஞ்சேனைத் திருப்பத்தில்தான் வாய் திறந்தாள்.

"மிஸ், நா பேசியிருக்கலாமா மிஸ்? ஒங்கள கேக்காம எப்படிப் பேசுறதுன்னு..."

"பேசியிருக்கலாம்" என்றார் பாலேஸ்வரி. "என்னிலைதான் பிழை."

டோரின் காமினியைப் பார்த்தாள். காமினி கண்ணாடியில் டோரினைப் பார்த்தார். அந்த வாக்கியம் ஆவணப் பிரிவில் அதற்கு முன் உச்சரிக்கப்பட்டதில்லை.

காலி வீதி நெடுக இன்னும் எத்தனை சாவடிகளோ என்ற பயத்தில் பாலேஸ்வரி வெள்ளவத்தை வரை பொட்டை விரலால் அழுத்திப் பிடித்தபடி வந்தார். வீட்டுக் கதவு திறந்தபோதும் விரல் அங்கேதான் இருந்தது. எடுத்ததும் மச்சாள் அருந்ததி கண்டுவிட்டார். இளைப்பாறிய ஆசிரியை, பிழையைத் தூரத்திலேயே கண்டுபிடிப்பவர்.

"என்ன பாலேஸ் இது நெத்தியிலை?"

பாலேஸ்வரி சொன்னார். குறைக்காமல், கூட்டாமல் சொன்னார்.

"பிள்ளை தப்பினது நல்லது" என்றார் அருந்ததி. "அதுக்காக நாளைக்கும் ஒட்டிக்கொண்டு போறதோ? ஆமி கண்டிடுமெண்டு கழட்டுறியள், ஆமி சொன்னதெண்டு ஒட்டுறியள். என்ரை தம்பிக்காகக் கழட்டினதெண்டாலும் உம்மடை முடிவெண்டு நினைச்சனான்."

"அதுவும் என்ரை முடிவில்லை மச்சாள்" என்றார் பாலேஸ்வரி. "அண்டைக்கு என்ரை நெத்தியிலையிருந்து எடுத்தது நீங்கள்."

அருந்ததி எழுந்து போய் அடுப்பில் புட்டைப் பார்த்தார். அது அப்போதுதான் ஏற்றிய புட்டு.

மறுநாள் காலை பாலேஸ்வரி பொட்டில்லாமல்தான் வேலைக்குப் போனார். அலுவலகத்தில் ஜெனரல் மனேஜர் கூப்பிட்டார், சட்டத்தை எழுதியாகிவிட்டதா?

"அந்தச் சட்டம் இப்ப இல்லை சேர்."

"ஏன்? அது வேலை செய்கிறதே!"

"ஓம். வேலை செய்யாத அண்டைக்குத்தான் என்ன சட்டமெண்டு தெரிஞ்சது."

அவருக்கு விளங்கவில்லை. விளங்காததைப் பதவி உயர்த்துவது சிங்கப்பூரிலும் வழக்கமில்லை. எல்லா வான்களுக்குமான பொறுப்பு, கடைசியில், வேறொருவருக்குப் போயிற்று.

மாலையில் வான் புறப்படுமுன் இராமலெட்சுமி ஒரு சின்ன அட்டையை நீட்டினாள். புது ஒட்டுப்பொட்டுகள், அடக்கமான மெரூன் நிறம். "பழசு விழுந்துரும் மிஸ். இது கம் நல்லா இருக்கும்." பாலேஸ்வரி ஒன்றை எடுத்து, எல்லாரும் பார்க்க ஒட்டிக்கொண்டார். அன்னபாக்கியத்தின் பொட்டு அவருடைய கைப்பைக்குள் இருந்தது. அவளிடமிருந்து இன்னும் ஒரு செய்தியும் இல்லை.

செக்பொயின்றில் சார்ஜன்ட் சொன்னபடியே நின்றார். கதவைத் திறந்து நெற்றி நெற்றியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பாலேஸ்வரியிடம் கொஞ்சம் தாமதித்தார். பிறகு இராமலெட்சுமியிடம் சிங்களத்தில், "நீதான் நேற்று ஊமையாக நின்றவளா? ஊர் எது?" என்றார்.

இராமலெட்சுமி பாலேஸ்வரியைப் பார்த்தாள்.

பாலேஸ்வரிக்குப் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சுருக்கமான, பாதுகாப்பான, பிழையில்லாத பதில். அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே பார்க்கத் தகுந்த எதுவும் இல்லை, மதில் ஒன்றைத் தவிர. மதிலைப் பார்த்தார்.

பின்னாலிருந்து இராமலெட்சுமியின் குரல் எழுந்தது. ஊர் பெயரைச் சொன்னாள். தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அப்பாவுக்கு என்ன வேலை என்று சொன்னாள். கேட்காததையும் சொன்னாள், தம்பி பள்ளிக்கூடம் போவதை, அங்கே இப்போது மழை என்பதை. தேவைக்கு மிக அதிகம். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஏதோ ஒரு ஆபத்து இருப்பதாகப் பாலேஸ்வரிக்குப் பட்டது. போதும் பிள்ளை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சேலைத் தலைப்பைக் கைக்குள் கசக்கிக்கொண்டு, மதிலையே பார்த்தபடி, அவளைப் பேச விட்டார்.